பத்துக்குப் பன்னிரண்டு!

கையில ஒரு டேப் இருக்கா பாஸ்? இல்லேன்னா டிராயிங் கிளாஸ் ஸ்கேலாவது எடுங்க. இப்ப நீங்க கால் நீட்டிப் படுத்துக்கிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டுற ஹாஸ்டல் ரூமை, நீளம் ஒருக்கா, அகலம் ஒருக்கா அளந்து பெருக்குங்க. வர்ற விடையை ரூம்மேட்ஸ் எண்ணிக்கையால வகுத்து ஓரத்துல எழுதி வெச்சுக்குங்க. கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

என் கணக்கு இது. பத்தடிக்குப் பன்னிரண்டடி ரூம், மூணு பேர். ஆளுக்கு 40 சதுர அடி. 'இதுல மனுஷன் இருப்பானா?'னு போன வருஷம் நாங்க மூணு பேரும் வார்டன் ரூம் வாசல்ல நின்னு சண்டை போட்டோம். சார்ஜ் போட ரெண்டு பிளக் பாயின்ட்தான் இருக்குங்கிறது எங்க இன்னொரு மாபெரும் துயரம்!

அதே பத்துக்குப் பன்னிரண்டு ரூம் இன்னொண்ணை எனக்குத் தெரியும். அதுல ஒன்பது பேர். அந்த ரூமுக்குள்ள நான் போனதும், செஞ்ச முட்டாள்தனமும், மறுபடி போனதும்தான் இந்தக் கட்டுரை.

எங்க ஊரே வெளியூர்!

எனக்கு ஊர் அணுபுரம். செங்கல்பட்டு மாவட்டத்துல, கல்பாக்கம் அணுசக்தித் துறை ஊழியர்களுக்காகக் கட்டின டவுன்ஷிப். பேரைச் சொன்னதும் 'நைட்ல மின்னுவீங்களா மச்சி?'னு கேட்கிற ஜோக்கை முதல் செமஸ்டர்லயே எல்லாரும் சொல்லி முடிச்சுட்டாங்க, நீங்க வேற ஆரம்பிக்காதீங்க!

அப்பா டிபார்ட்மென்ட்ல வேலை. இடதுபக்க குவார்ட்டர்ஸ் திருச்சூர், வலதுபக்கம் விஜயவாடா, எதிர்வீடு பாட்னா. எங்க அப்பாவே மன்னார்குடியில இருந்து வேலைக்காக வந்தவர்தான். அதாவது, எங்க டவுன்ஷிப்ல யாருக்குமே அது சொந்த ஊர் இல்லை. எல்லாருமே பிழைக்க வந்தவங்க. ஆனா, எதிர்வீட்டு பாட்னா அங்கிளை யாரும் 'வடக்கன்'னு சொல்லி நான் கேட்டதில்லை. அவர் 'சார்'. அதே பீகார்ல இருந்து வந்து, ரோட்டோரம் பள்ளம் தோண்டிக்கிட்டிருக்கிறவர் மட்டும் 'வடக்கன்'. ரெண்டு பேரும் ஒரே ரயில்லதான் வந்திருப்பாங்க, பெட்டிதான் வேற.

இந்தக் கடலோரத்துல கட்டடம் எழும்பாத வருஷமே இல்லை. கல்பாக்கத்துல 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004-ல வேலை ஆரம்பிச்சாங்க. நெம்மேலியில கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை ஒண்ணுக்கு ரெண்டாச்சு. ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். ரெண்டு பக்கமும் அபார்ட்மென்ட், ரிசார்ட், காலேஜ் (நம்ம காலேஜ்கூடத்தான் பாஸ்!). இதுக்கெல்லாம் கம்பி கட்டினது, சென்ட்ரிங் அடிச்சது, கான்கிரீட் போட்டது யாருன்னு கேட்டா, ஒடிசா, மேற்கு வங்கம், பீகார், ஜார்கண்ட்னு பதில் வரும். அவங்க ராத்திரி எங்க தூங்குறாங்கன்னு கேட்டா..? நான் இருபது வருஷமா கேட்டதே இல்லை.

ஃபிளாஷ்!

போன நவம்பர்ல ஒரு காலேஜ் சிம்போசியத்துல போட்டோகிராஃபி போட்டி. தலைப்பு 'மறுபக்கம்'. முதல் பரிசு ஐயாயிரம் ரூபாய்! நான் சிவில் மூணாவது வருஷம். கேமராவெல்லாம் கிடையாது, போன்தான். 'வெளிமாநிலத் தொழிலாளிங்க ரூம் ஒண்ணு எடுத்துட்டா பரிசு நமக்குத்தான்'னு ஐடியா கொடுத்ததும் நான்தான், அதை நானே பாராட்டிக்கிட்டதும் நான்தான்.

கல்பாக்கம் பக்கத்துல ஒரு தெரு. தெருப் பேரு வேணாம், ஏன்னு போகப் போகத் தெரியும். மளிகைக் கடை அண்ணாச்சி மூலமா அறிமுகம். ராத்திரி பத்தரைக்குப் போனேன். வரிசையா அஞ்சு ரூம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசல்ல சிமென்ட் படிஞ்ச செருப்புகள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு, வியர்வை வாசம், கடுகு எண்ணெய் வாசம். ஒருத்தர் கால்மாட்டுல இன்னொருத்தர் தலை. கொடியில தொங்குற பேன்ட் படுத்திருக்கிறவர் மூஞ்சியில உரசுது. யாரையும் எழுப்பலை, யாரையும் கேட்கலை. போனை நீட்டினேன். ஃபிளாஷ்!

எல்லாரும் துள்ளி எழுந்தாங்க. ஒருத்தர் கையால கண்ணை மறைச்சுக்கிட்டார். நான் 'ஸாரி பையா'னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல நின்னு பார்த்தா… படம் பிரமாதம்! அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஏத்தினேன். 188 பேர் பார்த்தாங்க. நாற்பது பேர் அழுகுற ஸ்மைலி. 'டேய், கண்ணுல தண்ணி வந்துருச்சுடா'னு ஒருத்தன். 

போட்டியில எனக்குப் பரிசு எதுவும் கிடைக்கலை. சூரிய அஸ்தமனத்துல நாய் நிக்கிற படத்துக்குக் கொடுத்தாங்க. அதை விடுங்க.

ரெண்டு வாரம் கழிச்சு, அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு அவங்களுக்குக் கொடுக்கலாம்னு பெருந்தன்மையா போனேன். ரூம்ல அஞ்சு பேர்தான் இருந்தாங்க. மீதி நாலு பேர்? ஒடிசா கஞ்சம் மாவட்டத்துல இருந்து வந்த ஒரு அண்ணன், எட்டு வருஷமா தமிழ்நாட்டுல கம்பி கட்டுறவர், நல்லாவே தமிழ் பேசுவார். அவர்தான் சொன்னார்.

என் ஸ்டேட்டஸை யாரோ பார்த்து, அதை யாரோ எடுத்து அனுப்பி, சுத்திச் சுத்தி ஹவுஸ் ஓனர் போனுக்கே போயிருக்கு. 'ஒரு ரூம்ல இத்தனை பேர்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது'னு நாலு பேரை மறுநாளே காலி பண்ணச் சொல்லிட்டார். அந்த நாலு பேரும் வேற தெருவுல, ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்த ரூம்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. அங்க இப்ப பன்னிரண்டு.

"தம்பி, அந்தப் போட்டோல கண்ணு மூடினது நான்தான்"னார் அந்த அண்ணன். "ஊருல என் பொண்ணு எட்டாங் கிளாஸ். அவகிட்ட நான், கம்பெனி ரூம் குடுத்துருக்கு, கட்டில் இருக்கு, ஃபேன் இருக்குன்னு சொல்லிருக்கேன். அவ போன்லயும் வாட்ஸ்அப் இருக்கு."

கையில இருந்த பிரின்ட்டை என்ன பண்றதுன்னு தெரியாம மடிச்சு பேன்ட் பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன்.

நூத்து முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஃபிளாஷ்

இந்தக் கதையை எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு மேடம்கிட்ட புலம்பினேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, 'ஜேக்கப் ரீஸ்னு ஒருத்தரைத் தேடிப் படி'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. படிச்சேன். பக்குனு இருந்தது. நான் செஞ்ச அதே வேலையை அவர் அச்சு அசலா செஞ்சிருக்கார்!

ரீஸ், டென்மார்க்ல இருந்து 1870-ல அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். வேலை கிடைக்காம, போலீஸ் ஸ்டேஷன்கள்ல ஏழைகளுக்குன்னு விட்டிருந்த இடத்துல படுத்துத் தூங்கினவர். அப்புறம் நியூயார்க்ல கிரைம் ரிப்போர்ட்டர் ஆனார். அப்போ கப்பல் கப்பலா இத்தாலி, அயர்லாந்து, கிழக்கு ஐரோப்பா, சீனாவில் இருந்தெல்லாம் வந்து இறங்கின ஜனங்க, நியூயார்க்ல 'டெனமென்ட்'னு சொல்ற அடுக்குக் குடியிருப்புகள்ல அடைஞ்சு கிடந்தாங்க. அதை எழுத்துல எவ்வளவு எழுதினாலும் யாரும் நம்பலை. 1887-ல ஜெர்மனியில மெக்னீசியம் ஃபிளாஷ் பவுடர் கண்டுபிடிச்ச செய்தியைப் பேப்பர்ல பார்த்தார். இருட்டு ரூமையும் படம் எடுக்கலாம்! பவுடரை வாணலியில கொட்டிப் பத்தவைப்பாராம். ரெண்டு தடவை போன இடத்துக்கே தீ வெச்சிருக்கார், ஒரு தடவை தன் சட்டைக்கே. நடுராத்திரி கதவைத் திறந்து, ஃபிளாஷ் அடிச்சுட்டு, ஜனங்க என்ன ஏதுன்னு பார்க்கிறதுக்குள்ள கிளம்பிடுவார்.

அவரோட புகழ்பெற்ற படம் ஒண்ணு, பேயார்ட் தெருவுல எடுத்தது. படுக்க இடத்துக்கு தலைக்கு அஞ்சு சென்ட் வாடகை. அந்த மாதிரி ஒரு ரூமைப் பத்தி 1890-ல வந்த தன் புத்தகத்துல எழுதுறார். பதின்மூணு அடிக்குப் பதின்மூணு அடிகூட இல்லாத ரூம்ல ஆணும் பெண்ணுமா பன்னிரண்டு பேர். கணக்குப் போடுங்க, ஆளுக்கு 14 சதுர அடி. இந்த நம்பரையும் ஓரமா எழுதி வெச்சுக்குங்க.

அந்தப் புத்தகம் அமெரிக்காவையே உலுக்கினது உண்மை. பின்னாடி ஜனாதிபதி ஆன தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் படிச்சுட்டு ரீஸைத் தேடி வந்தார். 1895-ல அவர் நியூயார்க் போலீஸ் கமிஷனர் குழுவுக்குத் தலைவரானதும், ரெண்டு பேரும் சேர்ந்து ராத்திரி ரோந்து போனாங்க. ரீஸ் எழுதியே ஒழிச்ச மல்பெரி பெண்ட் சேரி, 1897-ல பூங்கா ஆச்சு.

ஆனா, இன்னொரு பக்கமும் இருக்கு. அதே புத்தகத்துல சீனர் இப்படி, யூதர் அப்படி, இத்தாலிக்காரர் இப்படித்தான்னு இனத்துக்கு ஒரு முத்திரை குத்தி வெச்சிருக்கார். இன்னிக்கு அதைப் படிச்சா முகம் சுளிக்குது. தானும் பிழைக்க வந்தவர்ங்கிறது மறந்துபோச்சு போல. அந்தப் படங்கள்ல இருக்கிறவங்க முக்கால்வாசிப் பேருக்குப் பேரே கிடையாது. கண்ணு கூசி, திகைச்சுப் போய் நம்மையே பார்க்கிறாங்க. என் போன்ல இருந்த கஞ்சம் அண்ணன் மாதிரியே.

அட்டையில ஒரு தெரு

எனக்கு ரீஸைவிட, அவருக்கு அடுத்து வந்த லாரன்ஸ் வெய்லர்தான் செம ஹீரோ. (சிவில் பசங்க இந்தப் பாராவை ரெண்டு தடவை படிங்க!) அவர் 1900-ல நியூயார்க்ல ஒரு கண்காட்சி வெச்சார். போட்டோக்களும் இருந்தன. ஆனா கூட்டத்தைக் கட்டிப்போட்டது, அட்டையில செஞ்ச ஒரு மாடல். ஒரே ஒரு பிளாக். நிஜமா இருந்த பிளாக். 39 கட்டடம், 605 வீடு, 2,781 பேர். அத்தனை பேருக்கும் 264 கக்கூஸ். வெந்நீர் வர்ற வீடு 40. வெளிக்காத்துக்கு வழியே இல்லாத இருட்டு ரூம் 441. பக்கத்துலயே வரைபடங்கள். காசநோய் வந்த வீட்டுக்கெல்லாம் கறுப்புப் புள்ளி. சில கட்டடங்கள் மேல புள்ளி வைக்க இடமே இல்லை.

யாரையும் அழவைக்கிற மூஞ்சி அந்த மாடல்ல கிடையாது. ஆனா பார்த்தவங்க, 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு நகர முடியலை. 'இந்த 441 ரூமுக்கு ஜன்னல் யார் வைக்கிறது?'னு கேட்டாகணும். மறுவருஷமே, 1901-ல, நியூயார்க் மாகாணத்துல புதுச் சட்டம். புதுசா கட்டுற டெனமென்ட்ல ஒவ்வொரு ரூமுக்கும் வெளியே திறக்கிற ஜன்னல், ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் கக்கூஸ். சட்டம் வந்ததுக்கு ரீஸோட படங்களும் காரணம்தான், மறுக்கலை. ஆனா 'எத்தனை அடி, எத்தனை பேர், எத்தனை கக்கூஸ்'னு எழுதாம சட்டம் எழுத முடியாது இல்லையா?

நமக்கு சர்வே லேப்ல சொல்லித் தர்றதும் இதைத்தானே பாஸ்?

மறுபடி போனேன், டேப்போட

ஜனவரியில அந்த ரூம்ல மறுபடி ஒன்பது பேர் ஆகிட்டாங்க. காலி பண்ணச் சொன்ன ஓனரே, பரபரப்பு அடங்கினதும் புது ஆளுங்களைச் சேர்த்துட்டார். வாடகை ரூமுக்கு இல்லை, தலைக்கு! ஆளுக்கு ஆயிரம். தலை கூடினா லாபம் கூடும். பேயார்ட் தெருவுல அஞ்சு சென்ட்னு போட்ட அதே கணக்கு.

மார்ச் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பகல்ல. போனை பைக்குள்ள வெச்சுட்டு, சர்வே டேப்பை மட்டும் எடுத்துக்கிட்டு. முதல்ல அந்த நவம்பர் விஷயத்துக்கு மன்னிப்பு கேட்டேன். அஞ்சு நிமிஷம் யாரும் பேசலை. கஞ்சம் அண்ணன்தான், "இப்ப என்ன அளக்கணும்?"னார். சொன்னேன். டேப்போட மறுமுனையை அவரே பிடிச்சுக்கிட்டார்.

நான் நோட்டுல '10 x 12'னு எழுதப் போனேன். "எழுதாதே"னு தடுத்தார். "அது ஓனர் சொல்றது. சுவருக்கு உள்ளே பிடி." பிடிச்சோம். ஒன்பது அடி எட்டு அங்குலம், பதினொன்றரை அடி. அளவு எடுக்கிறதுல மூணு வருஷம் படிச்ச எனக்கும் எட்டு வருஷம் கம்பி வெட்டின அவருக்கும் வித்தியாசம் அங்கேயே தெரிஞ்சுபோச்சு! 111 சதுர அடி. ஒன்பது பேருக்கு வகுத்தா, ஆளுக்கு 12 சதுர அடி சில்லறை.

ஓரமா எழுதி வெச்ச நம்பரைப் பாருங்க. 1890-ல நியூயார்க்கே அதிர்ந்துபோன ரூம்ல ஆளுக்கு 14.

இதுல சமைக்கிறதுக்கு ஸ்டவ், அரிசி மூட்டை, ஒன்பது பை, ஒன்பது ஹெல்மெட். ஒன்பது பேரும் ஒண்ணா படுக்க முடியாது. நல்லவேளையா (இதை நல்லவேளைன்னு சொல்லணுமானு தெரியலை) மூணு பேருக்கு நைட் ஷிஃப்ட். அவங்க எழுந்து போன பாயில இவங்க. ஞாயிறுன்னா எல்லாரும் இருப்பாங்க, அன்னிக்கு ரெண்டு பேர் வாசல்ல. மழை பெய்யற ஞாயிறு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "உக்காந்துட்டே தூங்குவோம்"னார் மால்டாவுல இருந்து வந்த ஒரு பையன். என்னைவிட ஒரு வயசு சின்னவன்.

அஞ்சு ரூம்லயும் சேர்த்து 41 பேர். கக்கூஸ் ரெண்டு. ஒண்ணுல பல்பு இல்லை. போர் மோட்டார் காலையில ஒரு மணி நேரம் போடுவார் ஓனர், அவ்வளவுதான். லேப்ல கடன் வாங்கின தெர்மாமீட்டரை மதியம் ரெண்டு மணிக்கு மாட்டிப் பார்த்தேன். வெளியே நிழல்ல 35, உள்ளே 40 டிகிரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையோட உபயம்.

இன்னொரு கணக்கு. ஒன்பதாயிரம் ரூபாயை 111-ஆல வகுங்க. சதுர அடிக்கு 81 ரூபாய் வாடகை! எங்க சீனியர்கள் நாலு பேர் ஓ.எம்.ஆர்.ல எடுத்திருக்கிற டூ பெட்ரூம் ஃபிளாட், லிஃப்ட், பவர் பேக்கப் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 22 ரூபாய்தான் வருது. 'வடக்கன் எல்லாம் சீப்பா தங்கிக்குவான்'னு அடுத்த தடவை யாராவது சொன்னா, இந்தக் கணக்கைக் காட்டுங்க.

விதி இருக்கு சார்!

'இதுக்கெல்லாம் சட்டமே இல்லையா?'னு நீங்க கேட்கிறது புரியுது. இருந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குன்னே 1979-ல ஒரு சட்டம். காண்ட்ராக்டர் மூலமா அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ கூட்டிட்டு வந்தா, அவங்களுக்குத் தங்க இடம் கொடுக்கிறது காண்ட்ராக்டர் பொறுப்பு. அதுக்கு 1980-ல போட்ட மத்திய விதிகளைப் படிச்சேன். படிச்சதும் கொஞ்ச நேரம் சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு வரலை. குடும்பம் இல்லாம வந்தவர்னா, ஒரு கூடத்துல பத்துப் பேருக்கு மேல கூடாது. ஆளுக்குக் குறைஞ்சது 6.5 சதுர மீட்டர். அதாவது 70 சதுர அடி! தவிர, தாழ்வாரம், சமைக்கத் தனி இடம், பத்துப் பேருக்கு ஒரு கக்கூஸ், ஒரு குளியலறை.

அந்த விதிப்படி பார்த்தா, எங்க 111 சதுர அடி ரூம்ல ஒண்ணரை ஆள்தான் இருக்கலாம். மூணு பேர் இருக்கிற என் ஹாஸ்டல் ரூமே தேறாது! பின்னாடி, 2020-ல பார்லிமென்ட் நிறைவேற்றின தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள இந்தப் பழைய சட்டமும் போய்ச் சேர்ந்துடுச்சு.

ஆனா ஓட்டை எங்கேன்னா, இந்த மாதிரித் தெருக்கள்ல இருக்கிறவங்க பல பேர் காண்ட்ராக்டர் கொடுத்த இடத்துல இல்லை. மேஸ்திரி கைகாட்டினார், ஓனர் வாடகைக்கு விட்டார், இவங்க காசு கொடுக்கிறாங்க. காண்ட்ராக்டரைக் கேட்டா 'அது அவங்க சொந்த ஏற்பாடு'. ஓனரைக் கேட்டா 'நான் என்ன முதலாளியா?'. நடுவுல ஒன்பது பேர்.

நம்மாளுங்க மட்டும் என்னவாம்?

ஏதோ இது 'அவங்க' கதைன்னு நினைச்சுடாதீங்க. இலங்கை மலையகத்துல காபித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நம்ம மாவட்டங்கள்ல இருந்து கூட்டிட்டுப் போன ஜனங்களுக்கு, வெள்ளைக்காரன் வரிசை வரிசையா லயன் கட்டினான். பல லயன்கள்ல ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா. அளவு என்ன தெரியுமா? பத்தடிக்குப் பன்னிரண்டடி! நூறு வருஷத்துக்கும் மேல ஆன லயன்கள்ல இன்னமும் குடும்பங்கள் இருக்கு.

அவ்வளவு தூரம் ஏன்? எங்க தாய்மாமா 2020-ல சிங்கப்பூர் டார்மிட்டரியில இருந்தார். ஒரு ரூம்ல பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில். ஏப்ரல்ல கொரோனா பரவி, டார்மிட்டரிகளைப் பூட்டினாங்க. அந்த வருஷ டிசம்பர்ல சிங்கப்பூர் அரசே வெளியிட்ட கணக்குப்படி, டார்மிட்டரித் தொழிலாளர்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, 47 சதவிகிதம், தொற்று வந்து போயிருந்தது. டார்மிட்டரிக்கு வெளியே இருந்த ஜனங்கள்ல தொற்று சொற்பம். ஒரே நாடு, ஒரே வைரஸ், வித்தியாசம் சதுர அடிதான். நம்பர் வெளியே வந்த பிறகு, 2021-ல, புதுசா கட்டுற டார்மிட்டரியில ரூமுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேணும்னு விதி போட்டாங்க.

மாமாவுக்கு போன் போட்டேன். "அப்பல்லாம் வீடியோ கால்ல உங்க முகம் மட்டும்தானே மாமா தெரியும்? பின்னாடி எப்பவும் வெள்ளைச் சுவர்தான் இருக்கும்?"

"ஆமாடா. கட்டில் ஓரத்துல ஒரு இடம் இருக்கும், அங்க நின்னுதான் பேசுவேன். ரூம் தெரிஞ்சா உங்க அம்மா அழும்ல" என்றார்.

கஞ்சம் அண்ணன் பொண்ணுகிட்ட சொன்ன 'கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு' ஞாபகத்துக்கு வந்தது. எங்க வீட்லயும் ஆறு வருஷமா அதே பொய்யை நாங்க நம்பிட்டிருந்திருக்கோம்.

நம்ம பக்கத்துலயே, ஸ்ரீபெரும்புதூர்ல, 2021 டிசம்பர்ல என்ன நடந்ததுன்னு நியூஸ்ல பார்த்திருப்பீங்க. ஐபோன் செய்யுற ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் ஊழியர்கள் தங்கியிருந்த ஹாஸ்டல்ல சாப்பாடு விஷமாகி, 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில. பெண்கள் ராத்திரியோட ராத்திரியா நெடுஞ்சாலையை மறிச்சு உட்கார்ந்தாங்க. ரூமுக்கு ஆறு பேர்ல இருந்து முப்பது பேர் வரைக்கும் தரையில படுத்தாங்கங்கிற விவரத்தை ராய்ட்டர்ஸ் எழுதினது. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்குற குடியிருப்பு திறந்தாங்க. அந்தப் பெண்கள் தங்கள் நிலைமையைத் தாங்களே ரோட்டுக்குக் கொண்டு வந்தாங்க, யாரோ ஃபிளாஷ் அடிச்சு இல்லை.

இப்ப சொல்லிடறேன். இந்தக் கட்டுரையில ஒருத்தர் பேரும் இல்லை, தெருப் பேரும் இல்லை. அது அவங்க போட்ட கண்டிஷன். எழுதினதை முழுசா படிச்சுக் காட்டின பிறகுதான் அனுப்பினேன். 'மூஞ்சி வேணாம், நம்பர் போடு'னு ஒன்பது பேரும் சொன்னாங்க. நான் முதல்ல 'மூச்சு முட்டும் சிறை'ன்னெல்லாம் எழுதியிருந்தேன். மால்டா பையன் கேட்டுட்டு, "ஜெயில் இல்ல, ரூம். சாயங்காலம் பாட்டு போடுவோம், மீன் குழம்பு வைப்போம், அதையும் எழுது"ன்னான். எழுதிட்டேன். மீன் குழம்பு நிஜமாவே சூப்பர், கடுகு எண்ணெய் வாசம் மட்டும் பழகணும்.

நாங்க அளந்ததை ஒரு பக்கத் தாள்ல பிளான் வரைஞ்சு, தமிழ்ல ஒண்ணு, இந்தியில ஒண்ணு (எதிர்வீட்டு பாட்னா அங்கிள் எழுதிக் கொடுத்தார்) கொடுத்திருக்கேன். வேணுங்கிறதையும் அவங்களே சொல்லிச் சேர்த்தாங்க. இன்னும் மூணு கக்கூஸ், மோட்டார் ரெண்டு வேளை, கூரைக்கடியில காத்து போக ஒரு ஜன்னல், ரூமுக்கு ஆறு பேருக்கு மேல வேணாம். யாருகிட்ட கொடுக்கணும், எப்ப கொடுக்கணும், கொடுக்கணுமா வேணாமாங்கிறது அவங்க முடிவு. வேலை போகப் போறதும் ரூம் போகப் போறதும் அவங்களுக்குத்தான், எனக்கு இல்லை. நவம்பர்ல இதை யோசிக்காமத்தான் ஸ்டேட்டஸ் போட்டேன்.

ஒரு காமெடி மட்டும் நடந்தது. நாங்க டேப் பிடிச்சுட்டிருந்தப்போ ஓனர் எட்டிப் பார்த்தார். ஏதோ ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டார் போல, ஒண்ணும் கேட்காம போயிட்டார். மறுநாள் சாயங்காலம் கஞ்சம் அண்ணன்கிட்ட இருந்து போன். "தம்பி, கக்கூஸ்ல பல்பு போட்டாச்சு!"

கிளம்புறப்போ அவர் ஒரு விஷயம் கேட்டார். "இப்ப ஒரு போட்டோ எடுக்கிறியா?"

அடுத்த ஞாயிறு மாமல்லபுரம் போனோம். ஒன்பது பேரும் அயர்ன் பண்ணின சட்டை, ரெண்டு பேர் கூலிங் கிளாஸ், மால்டா பையன் புது வெள்ளை ஷூ. எங்க நிக்கணும், எப்படி நிக்கணும்னு அவங்களே முடிவு பண்ணினாங்க. கடற்கரைக் கோயில் வேணாமாம், எல்லாரும் அங்கதான் எடுப்பாங்களாம். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழ வரிசையா நின்னு, உருண்டு விழாம ஒன்பது பேரும் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போஸ். பதினாலு தடவை எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் யாராவது கண்ணை மூடிட்டாங்க, வெயில்! பதினஞ்சாவது ஓகே ஆச்சு.

ஸ்டூடியோவுல ஒன்பது காப்பி போடச் சொன்னேன். கஞ்சம் அண்ணன் காப்பிக்கு மட்டும் லேமினேஷன். பொண்ணுக்குத் தபால்ல அனுப்பணுமாம், வாட்ஸ்அப் வேணாமாம்.